உப்புக்காற்றும் அடைமழையும்: சைக்கிளுக்கு எந்த லைட் வாங்கலாம்?

கீழக்கரையில் கடைவேலை முடித்து இரவில் ஏர்வாடிக்குத் திரும்புகிறவர் ஒருவர். மண்டபத்தில் டியூஷன் முடிந்து இருட்டில் வீட்டுக்கு வரும் பிளஸ் ஒன் பிள்ளையின் அம்மா. விடியுமுன் பாம்பனில் மீன் எடுக்கப் போகும் வியாபாரி ஒருவர். மூன்று பேரும் கேட்பது ஒரே கேள்விதான்: மழையில் நனைந்தாலும் அணையாத சைக்கிள் லைட் எது? சார்ஜ் போடுகிற லைட்டா, செல் போடுகிற லைட்டா, பழைய டைனமோவா?

கேள்வி ஒன்றாக இருந்தாலும் பதில் ஆளுக்கு ஆள் மாறும். எத்தனை நேரம் இருட்டில் ஓட்டுகிறார், கடலுக்கு எவ்வளவு பக்கத்தில் ஓட்டுகிறார், கேரியரில் என்ன ஏற்றுகிறார் என்பதெல்லாம் சேர்ந்துதான் லைட்டைத் தீர்மானிக்கிறது. அதனால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வகையாக எடுத்துக்கொள்கிறேன்.

இந்த ஊர்கள் இருக்கும் ராமநாதபுரம், வறண்ட மாவட்டம் என்று பெயர் வாங்கியது. ஆனால் வடகிழக்குப் பருவமழை வந்து விழும்போது அந்தப் பெயரையெல்லாம் பார்ப்பதில்லை. 2024 நவம்பரில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த மாதத்தில் மாலை ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். மழை மூட்டம் இருந்தால் ஐந்தே காலுக்கே லைட் வேண்டும். மழையும் இருட்டும் வாடைக்காற்றும் ஒரே நேரத்தில் வரும் மூன்று மாதம் இது.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

தண்ணீர். பெட்டியில் ஐ.பி.எக்ஸ். 4, 6, 7 என்று ஒரு குறி இருக்கும். 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும். 5 என்றால் நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சும் குழாயையும், 6 என்றால் நிமிடத்துக்கு 100 லிட்டர் பீய்ச்சும் குழாயையும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 7 வாங்கிய லைட் 6-ஐயும் தாண்டியிருக்கும் என்று அர்த்தமில்லை. அசையாத தண்ணீரில் மூழ்குவது ஒரு சோதனை, வேகமாக அடிக்கும் தண்ணீரைத் தாங்குவது வேறு சோதனை. எதிர்க்காற்றில் மழை அடிக்கும் சாலைக்கு 6 முக்கியம். வெறும் 4 போட்ட லைட் தூறலுக்குச் சரி, ஐப்பசி அடைமழைக்குப் போதாது.

உப்பு. மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் நல்ல தண்ணீரில், புத்தம்புது லைட்டை வைத்துச் செய்பவை. உப்புக்கு அந்தக் குறியில் இடமே இல்லை. நம் கரையில் லைட்டைக் கொல்வது பெரும்பாலும் உப்புதான். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் உப்புகள் அதற்கும் குறைந்த ஈரப்பதத்திலேயே இழுக்கும். கார்த்திகையில் மண்டபத்திலோ தேவிபட்டினத்திலோ ஈரப்பதம் பெரும்பாலும் இதற்கு மேலேதான் இருக்கும். உப்புப் படிந்த செம்புத் தகடு, வீட்டுக்குள் வைத்திருந்தாலும் ராத்திரி முழுக்க நனைந்தேதான் இருக்கும்.

எத்தனை முறை திறக்கிறோம். என் பார்வையில் எல்லாவற்றையும் விடப் பெரிய அளவுகோல் இதுதான், பெட்டியில் எங்கேயும் எழுதியிருக்காது. மூடியிருக்கும் வரை எந்த லைட்டும் ஓரளவு தாங்கும். ஈரக் கையோடு, உப்பு படிந்த விரலோடு ரப்பர் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உப்பை நாமே உள்ளே கொண்டுபோகிறோம்.

உச்சிப்புளிப் பக்கம் ஒரு சைக்கிள் கடை மேசையில் பிரித்துக் கிடந்த பின் லைட் ஒன்றைப் பார்த்தேன். சிவப்புக் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. உள்ளே சுற்றிவரும் ரப்பர் வளையம் புதுசு போல இருந்தது. விளக்குப் பலகை காய்ந்து சுத்தமாக இருந்தது. யு.எஸ்.பி. வாய் மட்டும் கருகிப் பழுப்பாக இருந்தது. அதன் ஓரத்து உலோகப் பின் (முள்) ஒன்று அரிக்கப்பட்டு, நூல் அளவுக்கு மெலிந்து பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அலுமினிய உடம்பில் இரும்புத் திருகு இறங்கும் இடத்தைச் சுற்றி வெள்ளைப் பொடி. மழை அந்த லைட்டுக்குள் போகவே இல்லை. சார்ஜ் போடும் வாயில் தங்கிய உப்பு ஈரத்தோடு கரண்ட் கொடுத்ததில் பின் கரைந்து போயிருக்கிறது. வேறு இரண்டு உலோகங்கள் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று அரிபடும் என்பதற்கு அந்த வெள்ளைப் பொடி சாட்சி. அதனால்தான் கடற்கரைக்கு அலுமினிய உடம்பை விட நல்ல பிளாஸ்டிக் உடம்பே மேல் என்கிறேன். கடையில் அலுமினியம்தான் உசத்தியாகத் தெரியும்.

வெளிச்சம். தெருவிளக்கு உள்ள ஊருக்குள் நம்மை மற்றவர் பார்த்தால் போதும், 100 முதல் 200 லூமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாராளம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடிப் பக்கமோ தொண்டிப் பக்கமோ விளக்கே இல்லாத நீளங்களில் நாம் பார்த்து ஓட்ட வேண்டும். அங்கே 300 முதல் 500 லூமென் வேண்டும். நனைந்த தார் ரோடு வெளிச்சத்தை முன்னால் தள்ளிவிடும், நம் கண்ணுக்குத் திருப்பித் தராது. காய்ந்த ரோட்டில் போதுமாக இருந்த லைட் மழையில் மங்கலாகத் தெரிவது அதனால்தான். ரோட்டில் படுத்திருக்கும் மாடு ஒன்றை மழையில் கண்டுபிடிக்க எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

அணையும் விதம். சொல்லாமல் கொள்ளாமல் அணைகிற லைட் ஆபத்து. மெதுவாக மங்கி எச்சரிக்கிற லைட்டோ, சார்ஜ் குறையும்போது நிறம் மாறிக் காட்டுகிற லைட்டோ நல்லது.

கரண்ட். புயல் எச்சரிக்கை வந்தாலே மின்சாரம் போகும். இரண்டு நாள் வராமலும் இருக்கும். சரியாக அந்த நாட்களில்தான் லைட் தேவைப்படும்.

மொத்தச் செலவு. வாங்கும் விலையை மட்டும் பார்க்காமல், மூன்று மழைக்காலத்துக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். இதை ஒவ்வொரு வகையிலும் தனியாகச் சொல்கிறேன்.

## சார்ஜ் போடும் லைட்

இன்று கடைகளிலும் இணையத்திலும் அதிகம் விற்பது இதுதான். லித்தியம் பேட்டரி உள்ளேயே இருக்கும், யு.எஸ்.பி. வயர் போதும். கொடுக்கும் காசுக்கு அதிக வெளிச்சம் தருவதும் இதுவே. முன் லைட்டில் 400 லூமென் வேண்டுமென்றால் நடைமுறையில் இந்த வகைக்கோ, பின்னால் சொல்லும் டார்ச் வகைக்கோதான் போக வேண்டும்.

குறை எங்கே என்று மேலே பார்த்துவிட்டோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தினமும் ஒரு மணி நேரம் இருட்டில் ஓட்டுகிறவர், முழு வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் வரும் லைட் வாங்கினால், ஒன்றுவிட்டு ஒருநாள் சார்ஜ் போட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாற்பத்தைந்து முறைக்கு மேல் அந்த ரப்பர் மூடி திறக்கும். மூடியைப் பிடித்திருக்கும் மெல்லிய ரப்பர் வால் இரண்டாம் மழைக்காலத்தில் தளரும். மூடி சரியாக உட்காரவில்லை என்றால் பெட்டியில் போட்ட 6-ம் 7-ம் வெறும் எண்கள்தான்.

இன்னொரு விஷயம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். முழு வெளிச்சத்தில் எரியும் லைட் சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியும். மேலே திடீரென்று மழை விழுந்தால் அந்தக் காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். மூடியோரத்தில் நிற்கும் துளித் தண்ணீர் அந்த இழுப்பில் உள்ளே போய்விடும். கண்ணாடிக்குள் பனிபடர்ந்த மாதிரி தெரிந்தால் நடந்தது இதுதான். நனைய ஆரம்பிக்கும்போது வெளிச்சத்தை ஒரு படி குறைத்துக்கொண்டால் சூடும் குறையும், பேட்டரியும் நீடிக்கும்.

மறைந்திருக்கும் செலவு பேட்டரி. பெரும்பாலான மலிவு லைட்டுகளில் அதை மாற்ற முடியாது. இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி தளர்ந்தால் லைட்டே குப்பைக்குத்தான். ஆயிரத்து ஐநூறு கொடுத்து வாங்கினால் வருடத்துக்கு ஐநூறு முதல் எழுநூற்றைம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகை வாங்குவதாக இருந்தால் சார்ஜ் வாய் கீழ்ப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மேல்பக்கமோ பின்பக்கமோ இருந்தால் வாங்காதீர்கள். மூடி தடித்த ரப்பராக, விரலால் அழுத்தினால் தடக் என்று உள்ளே உட்கார வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நேராக வயரைச் செருகாமல், முதலில் லைட்டைத் துடைத்து, கையைத் துடைத்து, மூடியைத் திறந்து ஒரு மணி நேரமாவது ஃபேன் காற்றில் வைத்து, அப்புறம் சார்ஜ் போடுங்கள். ஈர வாயில் கரண்ட் கொடுப்பதுதான் பின்னைத் தின்கிறது.

ஊருக்குள் அரை மணி நேரம் ஓட்டுகிறவருக்கு இது நல்ல தேர்வு. அவருக்கு வாரம் ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும், மூடி அதிகம் திறக்காது.

## பென்சில் செல் லைட்

பழைய வகை என்று கடைக்காரரே ஒதுக்கிவைப்பார். பின் லைட்டுக்கு இந்தக் கரையில் இதற்கு ஈடு வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

சிறிய பென்சில் செல் இரண்டு போட்ட பின் லைட், மினுக்கும் நிலையில் ஐம்பது மணி நேரம் ஓடுவது சாதாரணம். தினம் ஒரு மணி நேரம் என்றால் மழைக்காலம் முழுவதற்கும் ஒன்றிரண்டு முறை திறந்தால் போதும். நாற்பத்தைந்தையும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திறந்தாலும் உள்ளே இருப்பது அகலமான தகடும் ஸ்பிரிங்கும். துணியால் துடைக்கலாம், களிம்பு பிடித்தால் உப்புத்தாள் வைத்து லேசாகத் தேய்க்கலாம். யு.எஸ்.பி. வாய்க்குள் அப்படி எதுவும் செய்ய முடியாது. செல் தீர்ந்தால் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், கரண்ட் இல்லாவிட்டாலும் கிடைக்கும். தீரும்போதும் மெல்ல மங்கித்தான் தீரும்.

செலவை ஒழுங்காகப் பார்க்க வேண்டும். சாதாரண செல்லை மாற்றிக்கொண்டே இருந்தால் முன் லைட்டுக்குக் கட்டுப்படியாகாது. திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றும் நிக்கல் வகைப் பென்சில் செல்லும் அதற்கான தனிச் சார்ஜரும் வாங்கிவிடுங்கள். சார்ஜர் வீட்டுக்குள் காய்ந்த இடத்தில் இருக்கும், செல் மட்டும்தான் போய் வரும். உப்பு தொடும் இடமும் கரண்ட் ஏறும் இடமும் இப்படிப் பிரிந்துவிடும். இந்தப் பிரிவினைதான் கடற்கரையில் லைட்டின் ஆயுளைக் கூட்டுகிறது.

இரண்டு எச்சரிக்கை. மழைக்காலம் முடிந்ததும் செல்லைக் கழற்றி வையுங்கள். சாதாரண செல்லை உள்ளேயே விட்டால் கசிந்து தகட்டை அரித்துவிடும். அப்புறம், செல் அறை மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று வாங்கும்போதே திறந்து பாருங்கள். வளையம் இல்லாமல் வெறும் கிளிப் மட்டும் இருப்பவை நிறைய வருகின்றன. அவை மழைக்கு ஆகாது.

முன் லைட்டாக இதன் பலவீனம் வெளிச்சம். பென்சில் செல்லில் ஓடும் பல முன் லைட்டுகள் நூறு லூமென் பக்கம்கூட வராது. ஊருக்குள் போதும், இருட்டு ரோட்டுக்குப் போதாது.

## டைனமோ

டயரில் உரசிச் சுற்றும் பாட்டில் டைனமோவை நம் அப்பா, தாத்தா காலத்துச் சைக்கிள்களில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 6 வோல்ட், 3 வாட். செல் வேண்டாம், கரண்ட் வேண்டாம், யாரும் திருடிக்கொண்டு போகவும் மாட்டார்கள். புயல் வந்து ஊரே இருண்டாலும் இது எரியும். எல்.இ.டி. விளக்கோடு இணைத்தால் பழைய குண்டு பல்பை விட எவ்வளவோ நல்ல வெளிச்சம் தரும்.

ஆனால் அடைமழைதான் அதற்குப் பகை. நனைந்த டயரில் உருளை வழுக்கும், வெளிச்சம் விட்டுவிட்டு வரும். நம் ரோட்டோர மணல் சேர்ந்தால் டயரின் பக்கச் சுவரையும் உருளையையும் சேர்த்துத் தேய்க்கும். வாடைக்காற்று எதிரே அடிக்கும்போது நாம் மெதுவாகத்தான் மிதிப்போம். மெதுவாக மிதித்தால் வெளிச்சம் குறையும். மிக அதிகமாகப் பார்க்க வேண்டிய நேரத்தில் மிகக் குறைவாகக் காட்டும். நின்றால் அணைந்துவிடும். ரோட்டோரம் ரெயின்கோட் மாட்ட நிற்கும்போதுதான் பின்னால் வரும் லாரிக்கு நாம் தெரிய வேண்டும். கரண்டைக் கொஞ்சம் சேர்த்துவைக்கும் சிறிய மின்தேக்கி வைத்த புது விளக்குகள் நின்ற பிறகும் சில நிமிடம் எரியும், வாங்கினால் அதைத்தான் வாங்க வேண்டும்.

சக்கர மையத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் டைனமோ வேறு ரகம். உரசல் இல்லை, வழுக்கல் இல்லை, மழையில் ஒரே சீராக எரியும். வருடம் முழுக்க இரவில் நீண்ட தூரம் ஓட்டுகிறவருக்கு உலகத்தில் இதைவிட நம்பகமான ஏற்பாடு கிடையாது. ஆனால் விலை பல ஆயிரம். அதைச் சுற்றிச் சக்கரத்தைப் புதிதாக ஸ்போக் கோத்துக் கட்ட வேண்டும். பழுதானால் பார்க்க ஆள் தேட வேண்டும். உப்பில் அதன் பேரிங்கும் வயர் முனையும் கவனிப்பு கேட்கும். அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

## டார்ச்

கடலுக்குப் போகிறவர்கள் நெற்றியில் மாட்டும் டார்ச்சையே சைக்கிளுக்கும் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. கை டார்ச்சைப் பழைய ட்யூப் துண்டால் ஹேண்டில்பாரில் இறுக்கிக் கட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. இதை நான் குறைவாக மதிப்பிடவில்லை. படகில் உப்புத் தண்ணீர் மேலே விழுந்து விழுந்து எது தாக்குப்பிடிக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் ஊர் இறங்குதளத்தில் இரண்டு பேரைக் கேட்டால், பெட்டியில் எழுதியிருப்பதை விட நல்ல தகவல் கிடைக்கும்.

பேட்டரியைக் கழற்றி வெளியே சார்ஜ் போடும் டார்ச்சாக இருந்தால் பென்சில் செல் லைட்டின் அதே நன்மை இதற்கும் வரும், வெளிச்சமோ பல மடங்கு. 18650 என்று எண் போட்ட உருளை பேட்டரி இதில் பரவலாக வருகிறது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்த அளவு பேட்டரியில் கொள்ளளவு பொதுவாக 3,500 மில்லி ஆம்பியர் மணி (mAh) பக்கம்தான் இருக்கும், அதைவிட வெகுவாக மேலே போகாது. 6,800, 9,900 என்று அச்சடித்திருந்தால் அது பொய், பேட்டரியும் நம்பத் தகாதது. மூடி திருகும் மரையில் ரப்பர் வளையம் இருக்கும். அதில் மாதம் ஒருமுறை சிலிக்கான் கிரீஸ் துளி தடவினால் தண்ணீர் அண்டாது, மரையும் இறுகாது.

குறை, அதன் வட்டமான ஒளி. பாதி வெளிச்சம் மேலே போய் எதிரே வரும் டி.வி.எஸ். எக்ஸெல்காரரின் கண்ணில் விழும். மழைத்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே வெள்ளைத் திரையாகத் திரும்பும். நெற்றியில் மாட்டினால் இது இன்னும் மோசம், கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே ஒளி கிளம்புகிறது. எந்த லைட்டாக இருந்தாலும் மழையில் அதைக் கண்ணிலிருந்து தள்ளி, தாழ்வாக மாட்டுங்கள். கூடைக்குக் கீழே, ஃபோர்க் பக்கம் மாட்டிக் கொஞ்சம் குனித்து வைத்தால் அதே லைட் இருமடங்கு பயன்படும்.

## பட்டன் செல் குட்டி லைட்

நூறு, இருநூறு ரூபாய்க்கு ரப்பர் உறையோடு வரும். மற்றவர் பார்க்க மட்டும்தான் உதவும். மாற்றுச் செல்லின் விலை லைட்டின் விலையையே தொட்டுவிடும். இன்னொன்று, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தயவுசெய்து கவனமாக இருங்கள். விழுங்கிய பட்டன் செல் ஓரிரு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், உயிருக்கே ஆபத்து. கூடுதல் லைட்டாக ஹெல்மெட்டிலோ பையிலோ மாட்டலாம். ஒரே லைட்டாக இதை நம்ப வேண்டாம்.

## பக்கத்தில் பக்கத்தில்

| | சார்ஜ் லைட் | பென்சில் செல் | பாட்டில் டைனமோ | கழற்றும் பேட்டரி டார்ச் |
|---|---|---|---|---|
| அடைமழை | மூடி சரியாக இருந்தால் நன்று | வளையம் இருந்தால் நன்று | வழுக்கும் | நன்று |
| உப்பு | சார்ஜ் வாய் பலவீனம் | துடைத்துக்கொள்ளலாம் | வயர் முனை அரிக்கும் | மரையைக் கவனித்தால் நன்று |
| மழைக்காலத்தில் திறப்பது | நாற்பதுக்கு மேல் | பின் லைட்டுக்கு ஒன்றிரண்டு | தேவையில்லை | அடிக்கடி, ஆனால் துடைக்கலாம் |
| இருட்டு ரோடு | போதும் | போதாது | வேகத்தைப் பொறுத்தது | போதும், கண் கூசும் |
| கரண்ட் இல்லாத நாள் | சிக்கல் | கவலையில்லை | கவலையில்லை | மாற்று பேட்டரி வேண்டும் |
| மறைந்த செலவு | பேட்டரி போனால் லைட்டே போச்சு | செல், தனிச் சார்ஜர் | டயர் தேய்மானம் | நல்ல பேட்டரி, நல்ல சார்ஜர் |

## பின் லைட்டை எங்கே மாட்டுவது

எந்த வகை வாங்கினாலும் காசு குறைவாக இருந்தால் பின் லைட்டை முதலில் வாங்குங்கள். முன்னால் இருப்பதை ஓரளவு நாம் பார்த்து ஒதுங்கலாம். பின்னால் வருகிறவருக்கு நம்மைக் காட்டுவது அந்தச் சிவப்பு ஒளி மட்டும்தான்.

பெரும்பாலோர் சீட்டுக்குக் கீழே மாட்டுகிறார்கள். வெயில் காலத்தில் சரி. மழையில் ரெயின்கோட்டின் பின்பகுதி தொங்கி அதை முழுக்க மறைத்துவிடும். கேரியரில் மீன் பெட்டியோ, பாலிதீன் போர்த்திய மூட்டையோ இருந்தால் சொல்லவே வேண்டாம், லைட் எரிவது ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். கேரியரின் கடைசிக் கம்பியிலோ பின் மட்கார்டின் முதுகிலோ மாட்டுங்கள். மட்கார்டு இல்லாத கியர் சைக்கிள் என்றால் முதலில் மட்கார்டு போடுங்கள். சக்கரம் வாரி இறைக்கும் மணலும் உப்புத் தண்ணீரும் பின் லைட்டின் மேல்தான் விழுகிறது. மேலிருந்து விழும் மழையை விட அதுதான் மூடியோரத்தைத் தேடிப் புகும்.

இரண்டு பின் லைட் முடிந்தால் இன்னும் நல்லது. ஒன்று மினுக்கட்டும், ஒன்று நின்று எரியட்டும். மினுக்குவது கண்ணை இழுக்கும், நின்று எரிவது தூரத்தைக் காட்டும். ஒன்று போனாலும் ஒன்று இருக்கும். ரிஃப்ளெக்டரும் ஸ்டிக்கரும் இவற்றுக்கு மாற்று ஆகாது, எதிராளியின் லைட் பட்டால்தான் அவை ஒளிரும். ஆனால் செல்லும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம் என்பதால் எல்லாச் சைக்கிளிலும் இருக்க வேண்டும். உப்புப் படலம் படிந்தால் மங்கிவிடும், வாரம் ஒருமுறை துடையுங்கள்.

## யாருக்கு எது

கீழக்கரை–ஏர்வாடிக்காரருக்கு: முன்னால் 400 லூமென் சார்ஜ் லைட், பிளாஸ்டிக் உடம்பு, சார்ஜ் வாய் கீழ்ப்பக்கம். பின்னால் பென்சில் செல். முன் லைட் வழியில் அணைந்தால் என்ன செய்வது என்ற யோசனையும் வேண்டும், பையில் ஒரு சின்ன டார்ச் இருக்கட்டும்.

பிளஸ் ஒன் பிள்ளைக்கு: முன்னும் பின்னும் பென்சில் செல். சார்ஜ் போட மறந்தது, வயரைத் தொலைத்தது என்ற பேச்சே வராது. ஊருக்குள் ஓட்டும் தூரத்துக்கு அந்த வெளிச்சம் போதும். பள்ளியில் நிறுத்தும்போது முன் லைட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். பின் லைட்டைத் திருகு வைத்து நிரந்தரமாகவே மாட்டிவிடுங்கள், மறந்துவிட்டு வரும் வாய்ப்பே வேண்டாம். டியூஷனுக்கு வெளிச்சமில்லாத ரோட்டில் போவதாக இருந்தால் மட்டும் முன் லைட்டைச் சார்ஜ் வகைக்கு மாற்றலாம்.

பாம்பன் மீன் வியாபாரிக்கு: பேட்டரி கழற்றும் டார்ச், தாழ்வாக மாட்டியது, மாற்று பேட்டரி ஒன்றோடு. கேரியர் கடைசிக் கம்பியில் இரண்டு பென்சில் செல் பின் லைட். இவர் கை எப்போதும் உப்பும் ஐஸ் தண்ணீருமாகத்தான் இருக்கும். யு.எஸ்.பி. வாய் உள்ள எதுவும் இவரிடம் நிலைக்காது. பாலத்தின் மேல் ஓட்டுகிற நாளில் கடல்சாரல் முகத்திலேயே அடிக்கும், அன்று வீட்டுக்கு வந்ததும் லைட்டைக் கழுவியே ஆக வேண்டும்.

கழுவுவதென்றால் நல்ல தண்ணீரில். நம் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பையே வைத்த மாதிரி ஆகும். பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ குடிதண்ணீரோ ஒரு டம்ளர் போதும். எல்லா மூடியும் மூடியிருக்கும்போதே மேலே ஊற்றித் துடைத்து, ஃபேன் காற்றில் வையுங்கள். நனைந்துபோன லைட்டை அரிசிப் பானையில் போட்டு வைப்பதால் பயனில்லை. ஈரம் கொஞ்சம் குறைந்தாலும் உப்பு அங்கேயேதான் இருக்கும், அடுத்த ராத்திரியே ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும்.

## வாங்கிய வாரத்திலேயே

புரட்டாசியில் வாங்குங்கள், மழை தொடங்கிய பிறகு வேண்டாம். செல் அறை உள்ள லைட் என்றால் செல்லைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்து மூடுங்கள். குழாயைத் திறந்து, எல்லாப் பக்கமும் படும்படி ஐந்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்த பிறகு திறந்து பேப்பரைப் பாருங்கள். ஓரம் நனைந்திருந்தாலும் அந்த லைட் வேண்டாம். சார்ஜ் வகையில் இப்படிப் பேப்பர் வைக்க முடியாது. அதை முழு வெளிச்சத்தில் பத்து நிமிடம் எரியவிட்டுச் சூடாக்கி, அப்புறம் குழாயில் காட்டுங்கள். அரை மணி நேரம் கழித்துக் கண்ணாடிக்குள் பனி படர்ந்திருக்கிறதா, மூடிக்கு உட்பக்கம் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். மூடி சரியாக மூடியிருந்தும் ஈரம் தெரிந்தால் லைட்டைக் காயவைத்துப் பெட்டியில் போட்டு, பில்லோடு திருப்பிக் கொடுங்கள். மாற்றித் தரும் கெடு பெரும்பாலும் ஏழு நாளோ பத்து நாளோதான், அதற்குள் இந்தச் சோதனையை முடித்துவிட வேண்டும்.